மெல்ல நகரும் காய்கள்

சதுரங்கத்தில் விரைந்து தாக்குபவனே கெட்டிக்காரன் என்னும் எண்ணம் நம் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலும் வேரூன்றியுள்ளது. ஆறுதலாக இருந்து காய்களை ஒழுங்குபடுத்தி, அதன் பின்னரே போருக்கு எழும் மாணவனை மந்தன் என்று ஒதுக்கிவிடுகின்றோம். இதற்குச் சரித்திரம் கூறும் விடை யாது என்பதை நேயர்களோடு சற்று ஆராய விரும்புகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் பெரிதும் விரும்பியது, தொடக்கத்திலேயே காயைப் பலிகொடுத்து எதிரி அரசன்மீது பாயும் ஆட்டத்தையே. கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த யோன் கொக்ரேன் அதில் வல்லவர். நான்காம் நகர்த்தலிலேயே குதிரையைப் பலியிடும் முறையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

அவருக்கு எதிரே அமர்ந்தவர் வங்காளத்தவரான மகேசசந்திர பானர்ஜி. இவர் பழகியது வேறோர் ஆட்டம். பழைய இந்தியச் சதுரங்கத்திற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இரண்டு கட்டம் பாய்தல் ஐரோப்பிய வழக்கு. ஓரடி ஓரடியாக முன்னேறும் படைகள் கைகலக்க நேரம் பிடிக்கும். அதற்குள் அணிவகுப்பைச் செப்பனிடுவதே ஆட்டக்காரனின் முதல் வேலை. அப்பழக்கத்துடனேயே மகேசசந்திரர், அரசன் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடைவெளியில், மூலைவாட்டிற் செல்லும் மந்திரியை நிறுத்தித் தூரத்திலிருந்தே பலகையின் நடுவைக் காவல் செய்தார். 1855இல் கொக்ரேனுக்கு எதிராக அவர் ஆடிய தொடக்கமொன்றை 1922இல் ஆஸ்திரியரான ஏர்ண்ஸ்ட் குருன்பெல்ட் ஆட, அது குருன்பெல்டின் பெயரையே பெற்றது. ஆயினும் அந்தக் குடும்பத்துத் தொடக்கங்களுக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பொதுப்பெயர் நிலைத்துவிட்டது. கொக்ரேனிடம் மகேசசந்திரர் தோற்ற ஆட்டங்களே அதிகம் என்பதையும் மறைத்தலாகாது.

பஞ்சாபிற் பிறந்த மீர் சுல்தான் கானும் இந்திய முறையிற் பயின்றவரே. ஐரோப்பியத் தொடக்க நூல்களிற் பயிற்சி மிகக் குறைவு. எனினும் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய வெற்றிவீரரானார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வெற்றிவீரர் கபபிளாங்காவுக்கு எதிராக ஐந்தாம் நகர்த்தலில் அவர் செய்தது என்ன தெரியுமா? இடக்கோடிக் காலாளை ஒரேயொரு கட்டம் நகர்த்தினார்! எதிரி மந்திரி புகுந்து தம் குதிரையைக் கட்டிப்போடக்கூடிய கட்டத்தை முன்கூட்டியே அடைத்தார். 65 நகர்த்தல்களில் கபபிளாங்கா பணிந்தார். 1963 முதல் 1969 வரை உலக வெற்றிவீரராயிருந்த பெத்ரோசியன், இதே சிறு நகர்த்தலை நான்காம் முறையிலேயே செய்து தமக்குரிய முறையாக்கிக்கொண்டார்.

ஆறுதலாக ஆடும் மாணவன் வெள்ளைக் காய் பிடிக்கும்போது, அரசிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டமும், அடுத்து அதன் இடப்பக்கக் காலாளை இரண்டு கட்டமும் நகர்த்தித் தொடங்கலாம். கறுப்பில், எதிரி தன் அரசன்முன் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தினால், கரோ-கான் என்னும் தற்காப்பைச் சொல்வேன்: அரசியின் அருகிலுள்ள மந்திரிக்கு முன்னுள்ள காலாள் ஒரு கட்டம், அதன் துணையோடு அரசிமுன் காலாள் இரண்டு கட்டம். தாக்கத் துடிக்கும் எதிரிக்கு இது சலிப்பூட்டும். நமக்கு வேண்டியதும் அதுவே. ‘இந்திய’ என்ற பெயரை மட்டும் நம்பி எதையும் எடுத்தலாகாது. குருன்பெல்டின் பெயர் பெற்ற அத்தற்காப்பு, இன்று பல நகர்த்தல்களை மனனஞ் செய்தோரே ஆடத்தக்க கூரிய வாளாகிவிட்டது.