திருக்கோழியும் பஞ்சாரமும்



வரும் பொதுக்குழுவில் நம் பின்புறப் புல்தரையில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கலாமா என்ற பேச்சு வரப்போகிறது. ஸ்ரீரங்கத்தில் கோழியா என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலில் ஒன்று. 108 திவ்ய தேசங்களில் ஸ்ரீரங்கத்துக்கு அடுத்ததான உறையூரின் பெயரே திருக்கோழி. யானையை ஒரு கோழி எதிர்த்து வென்ற இடம் என்று சோழர்கள் அங்கே தலைநகர் அமைத்ததாகக் கதை. சிலப்பதிகாரத்திலும் அது வருகிறது. பங்குனியில் சேர்த்தி சேவைக்கு நம்பெருமாள் எழுந்தருளும் ஊரும் அதுதான். (வளர்ப்பது முட்டைக்கு மட்டுமே என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.)

கூண்டு நாறும் என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கவலை. ஒரே இடத்தில் அடைத்து வைத்தால் நாறத்தான் செய்யும். நம் பக்கத்துக் கிராமங்களில் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள்: பஞ்சாரம். மூங்கில் பத்தையில் முடைந்த, அடிப்பாகம் இல்லாத கவிழ்ந்த கூடை. 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்த கோழியைக் குஞ்சுகளோடு இதற்குள் விடுவார்கள். காக்கை, பருந்து எட்டாது. நாய் தள்ளாமலிருக்க மேலே ஒரு கல். காலையில் ஓரிடம், வெயில் ஏறினால் மரநிழல், மறுநாள் வேறு இடம். எச்சம் ஒரே இடத்தில் சேராது, மண்ணுக்கு எருவாகிவிடும். தீனிக்குக் கொஞ்சம் குருணை. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்துச் சாயங்காலம் ஈரத்தரையில் கவிழ்த்தால், விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் விருந்து.

இதே கணக்குதான் ஆட்டுக்கிடையும். அறுவடை முடிந்த டெல்டா வயல்களுக்கு ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டி வந்து, பட்டியை இரவுக்கு இரவு இடம் மாற்றி அடைப்பார்கள். எருவுக்காக வயல்காரர் கூலியும் கொடுப்பார்.

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஜோயல் சலட்டின் என்ற விவசாயி 10க்கு 12 அடியில் தரையில்லாத கூண்டு செய்து, தினமும் புதுப் புல்லுக்கு நகர்த்துகிறார். அதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகள் இணையத்தில் கூண்டு விலை பார்க்கிறார்கள்! 1980களில் ஐ.ஆர்.டி.பி. கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவன் நான். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கடன் கேட்டார்கள். பஞ்சாரத்துக்கு யாரும் கேட்டதில்லை. கடன் வாங்கும் அளவுக்கு அதற்கு விலை கிடையாது.

ஆனால் பஞ்சாரம் பகலுக்கு மட்டுமே. ராத்திரி கீரி, பூனைக்கு அது தாங்காது. அதனால் பெரிய கோழிகளுக்கு, சக்கரம் வைத்து, கம்பிவலை அடித்து, இரவில் பூட்டும் கூண்டு ஒன்று வேண்டும். 1920களிலேயே இந்தியாவில் கண்டறியப்பட்ட ராணிக்கெட் நோய், அதாவது வெள்ளைக்கழிச்சல், வந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டாக வேண்டும். தரைத்தள வீட்டுக்காரர்கள் விடியற்காலைக் கூவலுக்குப் பயப்பட வேண்டாம். முட்டையிடப் பெட்டைக்குச் சேவல் தேவையில்லை.

கூண்டைத் தினமும் யார் நகர்த்துவது என்பதுதான் மிச்சம். காலை நடைப்பயிற்சிக் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாள். பொதுக்குழுவில் பெயர் கொடுங்கள்.