மெஸ் நோட்டும் லினக்ஸ் கெர்னலும்

2003இல் மடிவாளாவில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். கேஸ், பால், அரிசி என்று யார் எதை வாங்கினாலும் எழுதி வைக்க ஹாலில் ஒரே ஒரு நோட்டு. காலை எட்டு மணிக்கு நாலு பேருக்கும் அது ஒரே நேரத்தில் வேண்டும். ஒருத்தன் எழுதி முடிக்கும்வரை மற்ற மூன்று பேரும் ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அடுத்த மாதமே ஆளுக்கு ஒரு சீட்டு என்று மாற்றினோம். மாதக் கடைசியில் நாலு சீட்டையும் கூட்டினால் கணக்கு முடிந்தது.

இதே பிரச்சினையை, அதே காலத்தில், அதே ஊரில் சிலர் லினக்ஸ் கெர்னலுக்குள் தீர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கெர்னல் ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். வந்த பாக்கெட் எத்தனை, காலியான பக்கங்கள் எத்தனை என்று ஆயிரம் கணக்கு. ஒரே ப்ராசஸர் என்றால் கவலையில்லை. எட்டு ப்ராசஸர்கள் ஒரே எண்ணைக் கூட்ட வந்தால், அந்த எண் இருக்கும் கேஷ் லைன் (பெரும்பாலும் 64 பைட்) ஒவ்வொரு முறையும் ஒரு ப்ராசஸரிலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும். பூட்டே போடாவிட்டாலும் இந்த ஓட்டம் நிற்காது. ப்ராசஸரைக் கூட்டக் கூட்ட வேகம் ஏறாமல் திணறும்.

முதலில் வந்த வைத்தியம், ப்ராசஸர் எண்ணிக்கைக்கு ஒரு அர்ரே போடுவது. அதிலும் ஒரு சிக்கல். பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒரே கேஷ் லைனில் விழுந்தால் பழைய கதைதான். ஒவ்வொன்றையும் தனி லைனில் வைத்தால், 32 ப்ராசஸருக்குத் தயாரான கெர்னலில் 4 பைட் எண் ஒன்றுக்கு 2,048 பைட் போய்விடும். மெஷினில் இருப்பது ரெண்டே ப்ராசஸர் என்றாலும்!

2002இல் ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல் ஒரு நல்ல வழி கொண்டுவந்தார். இப்படிப்பட்ட மாறிகள் எல்லாவற்றையும் கெர்னலில் ஒரே பகுதியில் சேர்த்துவிட்டு, பூட் ஆகும்போது ப்ராசஸருக்கு ஒரு நகல் எடுப்பது. ஆனால் கம்பைல் செய்யும்போதே தெரிந்த மாறிகளுக்குத்தான் அது உதவும். ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாகப் பிறக்கும் கணக்குகளுக்கு?

இங்கேதான் பெங்களூர் வருகிறது. அங்கிருந்த ஐபிஎம் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரிலிருந்து ரவிகிரண் திருமலையும் திபங்கர் சர்மாவும் கேமெல்லாக்_பெர்சிபியு என்ற அலக்கேட்டரை எழுதினார்கள். பிறகு அதற்கு அல்லாக்_பெர்சிபியு என்று பெயர் மாறியது. அதில் ஒரு குசும்பு உண்டு. அது திருப்பித் தரும் முகவரியின் பிட்கள் அத்தனையும் தலைகீழாக இருக்கும். 'என் சீட்டைக் கொடு' என்று முறையாகக் கேட்காமல் நேராகக் கைவைத்தால் கெர்னல் அங்கேயே விழுந்துவிடும். தப்பை மறைக்காமல் உடனே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு.

அதே குழுவின் பெரிய வேலை ஆர்சியு. கருத்து பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் சீக்வென்ட் கம்பெனியில் உருவாக்கியது. சீக்வென்டை 1999இல் ஐபிஎம் வாங்கியது. லினக்ஸில் அதை எழுதியதில் திபங்கர் சர்மாவுக்கு முக்கியப் பங்கு. 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் சேர்ந்தது. படிப்பவர் பூட்டே போட வேண்டாம். அப்படியானால் பழைய தகவலை எப்போது எறிவது? எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், நாலு பேரும் ஒருமுறையாவது ஹாலை விட்டு வெளியே போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகு பழைய நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம். யார் போனார், யார் போகவில்லை என்பதையும், எறிய வேண்டியவற்றின் பட்டியலையும் ஒவ்வொரு ப்ராசஸரும் தனக்கென வைத்துக்கொள்ளும். மறுபடியும் சீட்டுதான்.

சரி, ஒருத்தன் வீட்டைக் காலி செய்தால் அவன் சீட்டு என்னாகும்? எங்கள் வீட்டில் ஒருவன் புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது சீட்டையும் கொண்டுபோய்விட்டான். அந்த மாதம் கணக்கு இடித்தது. கெர்னலில் இதற்குப் பெயர் சிபியு ஹாட்பிளக். போகிற ப்ராசஸரின் கணக்கை மற்றவரிடம் சேர்க்க வேண்டும், நடுவில் யாரும் அந்தச் சீட்டைப் புரட்டக் கூடாது. இந்த ஆதரவை உருவாக்கியவர்களில் ஐபிஎம் பெங்களூரின் ஸ்ரீவத்ஸ வட்டகிரியும் ஒருவர். அதன் பூட்டு பல வருடம் தலைவலியாக இருந்தது. கௌதம் ஷெனாய் அதை மாற்றி எழுதியது 2008இல் 2.6.25 பதிப்பில் வந்தது. லினக்ஸ் லேப்டாப்பை சஸ்பெண்ட்-டு-ராம் முறையில் தூங்க வைக்கும்போது, ஒன்றைத் தவிர மற்ற ப்ராசஸர்கள் அணைவது இந்த ஹாட்பிளக் வழியாகத்தான்.

பெங்களூர் அலக்கேட்டர் இன்று இல்லை. முகவரிப் பட்டியலைப் பார்த்து, அதிலிருந்து சீட்டுக்குப் போவது என்று அதற்கு ஒரு படி அதிகம். 2009இல் 2.6.30 பதிப்பில் டெஜுன் ஹியோ புதியதை எழுதினார். கம்பைலில் பிறந்தாலும் ஓட்டத்தில் பிறந்தாலும் இப்போது ஒரே வழி. x86இல் தன் சீட்டில் ஒன்று கூட்ட ஒரே கட்டளை போதும். பழைய கோடு போய்விட்டது. ஆனால் அது திறந்த வாசல் வழியாகத்தான் புதியது வந்தது.

அந்த வருடங்களில் ஊருக்குப் போனால் "பெங்களூர்ல என்ன, கால் சென்டரா தம்பி?" என்று கேட்பார்கள். வெளிநாட்டிலோ வேலை பறிபோனதற்கே எங்கள் ஊர்ப் பெயரை வைத்திருந்தார்கள். நானும் அப்போது யாரோ எழுதிய கோடில் பிழை திருத்திக்கொண்டிருந்தவன்தான். நமக்கு வருவதெல்லாம் மிச்ச வேலை என்று நானே நம்பியிருந்தேன். பின்னாளில் ஒரு பிழையைத் தேடி ஆர்சியு ஃபைலைத் திறந்தபோது, மேலே ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் இந்திய ஐபிஎம் மின்னஞ்சல் முகவரி. மடிவாளாவிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் தூரத்தில் இருந்தவர்கள்!

எனக்கு யாரும் அந்தக் கதவைச் சாத்தி வைக்கவில்லை. அப்போதும் கெர்னல் கோடு எல்லோரும் படிக்கத் திறந்துதான் கிடந்தது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.