ரயில் நின்றுபோன மேம்பாலத்தில் 2.33 கி.மீ. பூங்கா... நியூயார்க் 'ஹை லைன்' உருவானது எப்படி? சென்னையில் சாத்தியமா?

கோயம்பேட்டில் இருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை தூண்களின் மேல் மெட்ரோ ரயில் ஓட்டுவதற்கான விரிவான திட்ட அறிக்கை 2025-ல் தமிழக அரசிடம் கொடுக்கப்பட்டது. பாடி, மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் இருப்பவர்கள் 'எப்போ வரும்?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டி மிஞ்சும் இடம் யாருக்கு? ரயில் ஒருநாள் நின்றுபோனால் அந்தப் பாதை என்னவாகும்?

இதற்கு உலகமே திரும்பிப் பார்த்த ஒரு பதில் நியூயார்க்கில் இருக்கிறது. அதன் பெயர் 'ஹை லைன்'. அங்கே சாதித்தது என்ன, சறுக்கியது எங்கே, நம்ம ஊருக்கு அதில் என்ன பாடம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஹை லைன் என்றால் என்ன?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், மேற்குப் பக்கமாக, தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் இரும்புத் தூண்களின் மேல் போகும் பழைய சரக்கு ரயில் பாதைதான் ஹை லைன். இன்று அதில் ரயில் கிடையாது. 2.33 கி.மீ. நீளத்துக்குச் செடி, மரம், நடைபாதை, உட்காரும் மேடைகள் என்று பொதுப் பூங்காவாக இருக்கிறது. கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம்.

ரயிலை எதுக்கு மேலே தூக்கினார்கள்?

தெருவில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். 1847-ல் மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் தெருமட்டத்திலேயே தண்டவாளம் போட நகர நிர்வாகம் அனுமதி கொடுத்தது. நடந்து போகிறவர்கள், குதிரை வண்டிகள், சரக்கு ரயில் எல்லாமே ஒரே தெருவில். விபத்துகள் பெருகி, 10-வது அவென்யூவுக்கு 'மரண அவென்யூ' என்றே பெயர் வந்துவிட்டது. குதிரை மேல் ஏறிய ஆட்கள் கையில் சிவப்புக் கொடியோடு ரயிலுக்கு முன்னால் போய் மக்களை விலக்கிவிட வேண்டிய நிலைமை. இவர்களை 'மேற்குப் பக்கத்து கௌபாய்கள்' என்று அழைத்தார்கள்.

1929-ல் நகர நிர்வாகம், மாநில அரசு, ரயில் நிறுவனம் மூன்றும் சேர்ந்து ரயிலைத் தரையிலிருந்து மேலே கொண்டுபோக ஒப்புக்கொண்டன. 1934-ல் உயர்மட்டப் பாதை முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. தெருவின் நடுவே போகாமல், கட்டடங்களின் பின்பக்கமாகவும் சில தொழிற்சாலைகளின் உள்ளேயேயும் பாதை போனது. இறைச்சி, பால், காய்கறி நேராக மாடிக்கே வந்து இறங்கும்.

கடைசி ரயிலும் இடிப்பு உத்தரவும்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாரி போக்குவரத்து வளர்ந்தது, ரயிலில் சரக்கு குறைந்தது. 1960-களில் பாதையின் தெற்குப் பகுதி இடிக்கப்பட்டது. 1980-ல் மூன்று பெட்டிகளில் உறைய வைத்த வான்கோழிகளை ஏற்றிக்கொண்டு கடைசி ரயில் ஓடியது. அவ்ளோதான்.

அடுத்த 20 வருடங்கள் பாதை சும்மா கிடந்தது. காற்றிலும் பறவை எச்சத்திலும் வந்த விதைகள் ஜல்லிக்கற்களுக்கு நடுவே முளைத்து, மேலே ஒரு புல்வெளியே உருவாகிவிட்டது. கீழே நிலம் வைத்திருந்தவர்களோ 'இடித்துத் தள்ளுங்கள்' என்று அழுத்தம் கொடுத்தார்கள்.

1999-ல் இது தொடர்பான உள்ளூர்க் கூட்டம் ஒன்றுக்கு வந்த ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற இருவர் அங்கேதான் அறிமுகமானார்கள். இருவருமே கட்டடக் கலைஞர்கள் இல்லை, அந்தப் பகுதியில் வசித்தவர்கள். 'ஹை லைன் நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். புகைப்படக் கலைஞர் ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் எடுத்த படங்கள், கீழேயிருந்து பார்த்தால் தெரியாத அந்தப் பசுமையை ஊருக்குக் காட்டின. மேயர் ரூடி ஜூலியானி பதவிக்காலத்தின் கடைசியில், 2001-ல், இடிப்புக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்த மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் பூங்கா யோசனைக்கு ஆதரவு கொடுத்ததால் பாதை தப்பியது.

பூங்காவாக மாற்றியது எப்படி?

இதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

1. சட்டம்: பயன்படாத ரயில் தடத்தை நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம், எதிர்காலத்தில் ரயிலுக்குத் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க மத்திய சட்டத்தில் 1983 முதல் இடம் இருக்கிறது. தடம் துண்டு துண்டாக விற்கப்படாமல் காப்பாற்றப்படுவதற்கு இதுதான் வழி. 2005-ல் ஹை லைனுக்கு இந்த அனுமதி கிடைத்தது. உரிமையாளரான சி.எஸ்.எக்ஸ். நிறுவனம் பாதையை நகரத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது.

2. நில உரிமையாளர்களுக்கு மாற்று வழி: பாதைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள், தங்களுக்கு உரிமையுள்ள கட்டட உயரத்தை அந்தப் பகுதியிலேயே வேறு மனைகளுக்கு விற்றுக்கொள்ளலாம் என்று 2005-ல் விதி மாற்றப்பட்டது. எதிர்த்தவர்களுக்கும் லாபம் வந்ததால் எதிர்ப்பு அடங்கியது.

3. பொறியியல்: 2006-ல் வேலை தொடங்கியது. தண்டவாளங்களைக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று குறித்து வைத்து, ஈயம் கலந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பைச் சரிசெய்து, நீர் கசியாத பூச்சும் வடிகாலும் அமைத்தார்கள். அதற்கு மேல்தான் மண், செடி எல்லாம். பழைய தண்டவாளங்களில் ஒரு பகுதி அதே இடத்திலேயே செடிகளுக்கு நடுவில் திரும்ப வைக்கப்பட்டது.

வடிவமைத்தவர்கள் ஜேம்ஸ் கார்னர் ஃபீல்ட் ஆபரேஷன்ஸ், டில்லர் ஸ்கோஃபிடியோ ரென்ஃப்ரோ ஆகிய நிறுவனங்களும், நெதர்லாந்தைச் சேர்ந்த தோட்டக் கலைஞர் பியெட் ஔடோல்ஃபும். 2009, 2011, 2014 என்று மூன்று கட்டங்களாகப் பூங்கா திறக்கப்பட்டது. 2019-ல் ஒரு கிளைப் பகுதியும் சேர்ந்தது.

நடந்து பார்த்தால் என்னென்ன தெரியும்?

தெற்கு முனையான கான்ஸ்வோர்ட் தெருவில் படி ஏறினால், பக்கத்திலேயே விட்னி கலை அருங்காட்சியகம். ஒரு காலத்தில் இறைச்சிக் கூடங்கள் நிறைந்திருந்த இடம் இது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஹோட்டல் கட்டடம் பாதையின் மேலேயே கால் அகட்டி நிற்பது போல நிற்கும். அதன் அடியில் புகுந்து போகலாம்.

அடுத்தது செல்சீ மார்க்கெட். இது பழைய நபிஸ்கோ பிஸ்கட் தொழிற்சாலை. ஓரியோ பிஸ்கட் 1912-ல் பிறந்த இடம். ரயில் உள்ளே புகுந்து போன அதே வழியில்தான் இன்று மக்கள் நடக்கிறார்கள். 17-வது தெரு அருகே படிக்கட்டு போல இருக்கைகள் அமைத்து, முன்னால் பெரிய கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் கீழே 10-வது அவென்யூ வாகனங்கள் சினிமா மாதிரி ஓடும். 'மரண அவென்யூ' என்று பெயர் வாங்கிய அதே சாலைதான்!

23-வது தெரு அருகே புல்வெளி. 25-வது தெருவைத் தாண்டியதும் நடைபாதை இன்னும் உயர்ந்து, மரக்கிளைகளுக்கு நடுவே போகும். 28-வது தெருவில் ஸாஹா ஹதீத் வடிவமைத்த குடியிருப்பைப் பார்க்கலாம். 30-வது தெருவுக்குப் பிறகு ஹட்சன் யார்ட்ஸ் உயரக் கட்டடங்கள், கீழே ரயில்கள் வரிசையாக நிற்கும் யார்டு. இந்தக் கடைசிப் பகுதியில் தானாக முளைத்த பழைய செடிகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். 34-வது தெருவில் பாதை தரைக்கு இறங்கிவிடும்.

நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் போதும். சைக்கிளுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை. சில வாசல்களில் லிஃப்ட் வசதி உண்டு.

பராமரிப்புச் செலவு யாருடையது?

இடம் நகர நிர்வாகத்துக்குச் சொந்தம். பராமரிப்பது 'ஹை லைன் நண்பர்கள்' அமைப்பு. ஆண்டுச் செலவில் கிட்டத்தட்ட முழுவதையும் நன்கொடை உள்ளிட்ட வழிகளில் அந்த அமைப்பே திரட்டுகிறது. முதல் இரண்டு கட்டங்களைக் கட்ட மட்டும் 15.2 கோடி டாலர் செலவானது. அதில் பெரும்பகுதி அரசுப் பணம்.

அப்போ விமர்சனம் ஏன்?

பூங்கா வந்ததும் சுற்றிலும் நிலத்தின் விலை எகிறியது. பழைய பட்டறைகளும் கராஜ்களும் போய், கோடீஸ்வரர்களுக்கான குடியிருப்புகள் எழுந்தன. அதே பாதையை ஒட்டி, குறைந்த வருமானம் உள்ளவர்கள் வாழும் இரண்டு பெரிய அரசுக் குடியிருப்புகள் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் குவிந்த பூங்காவுக்கு அந்த மக்கள் அதிகம் வரவில்லை. அக்கம்பக்கத்து மக்களுக்காகத் தொடங்கியது அவர்களையே சரியாகச் சென்றடையவில்லை என்று அமைப்பை நிறுவிய ஹாமண்டே 2017-ல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். எப்படி இருக்கணும் என்று கேட்டதற்கு முன்னால், உங்களுக்கு என்ன வேணும் என்று மக்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

உலகில் இதுதான் முதலா?

இல்லை. பாரிஸ் முந்திக்கொண்டது. 1859-ல் தொடங்கி 1969-ல் நின்றுபோன பஸ்டீல் - வான்சேன் ரயில் பாதை, 1993-ல் நடைபாதைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் கைவினைக் கலைஞர்களின் கடைகளும் பட்டறைகளும் இயங்குகின்றன.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். மலாயா ரயில் பாதைகளில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரியது. தஞ்சோங் பகாரில் இருந்து உட்லண்ட்ஸ் வரை போன அந்தப் பாதையில் 2011-ல் ரயில் நின்றது. நிலத்தைக் கூறு போட்டு விற்காமல், 24 கி.மீ. தொடர் பசுமைப் பாதையாக மாற்றிவருகிறார்கள். பழைய இரும்புப் பாலங்களும் புக்கிட் தீமா ரயில் நிலையமும் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இந்தியாவில் மும்பை லோயர் பரேல் பகுதியில், சேனாபதி பாபட் சாலை மேம்பாலத்தின் அடியில் 'ஒன் கிரீன் மைல்' என்ற பொது இடம் 2022-ல் உருவானது. மேலே வாகனம், கீழே செடிகளும் உட்காரும் இடங்களும்.

சென்னையில் சாத்தியமா?

சென்னையின் உயர்மட்ட ரயில்களில் ஒன்று பறக்கும் ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் மயிலாப்பூர் வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் வந்தது. அதில் ரயில் ஓடிக்கொண்டிருப்பதால் மேலே பூங்கா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால், பல கி.மீ. தூரத்துக்கு அதன் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயிலேயே ஊன்றப்பட்டன. நீர்வழியைத் தூண்களுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் வருந்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ரயில் நின்றுபோன பாதை என்றால், மண்ணூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. வில்லிவாக்கத்தை அண்ணா நகரோடு இணைத்த சுமார் 3 கி.மீ. கிளைப் பாதை. 2003-ல் பயணிகள் ரயில் விடப்பட்டது. பாடி மேம்பாலப் பணிக்காக 2007-ல் நிறுத்தப்பட்ட சேவை, பிறகு தொடங்கவே இல்லை. இது தரையில் போகும் பாதை, உயர்மட்டம் இல்லை. ஆனால், நீளத்தில் ஹை லைனைவிடப் பெரியது! இதை மறுபடி ரயிலுக்கே கொடுப்பதா, நடைபாதையாக்குவதா என்று இரண்டு பக்கமும் வாதம் வைக்கலாம். முடிவு ரயில்வே கையில். நிலம் மத்திய அரசுடையது. மாநகராட்சி மட்டும் நினைத்தால் நடக்காது.

மண்ணூர்பேட்டைக்கு இதில் என்ன இருக்கிறது?

1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் இது. ஷிப்டு முடிந்து நடந்தே வீடு திரும்புகிறவர்கள், பஸ் நிறுத்தத்தைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். இவர்களுக்கு முதல் தேவை சுற்றுலாப் பூங்கா இல்லை. லாரிக்குப் பயப்படாமல் நடக்க ஒரு நிழல் பாதை. மெட்ரோ தூண்கள் வருவதற்கு முன்பே, வரைபடத்திலேயே, அடியில் நடைபாதையும் மழைநீர் வடிகாலும் மரமும் இடம்பெற்றால் செலவு குறைவு. தூண் எழுந்த பிறகு கேட்டால், இடம் பார்க்கிங்குக்கும் குப்பைக்கும் போயிருக்கும்.

கூடவே வாடகையையும் யோசிக்க வேண்டும். மெட்ரோ, பூங்கா இரண்டுமே நிலத்தின் விலையை ஏற்றக்கூடியவை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளி அந்த விலையேற்றத்தில் ஊரை விட்டே போக நேர்ந்தால், அழகான நடைபாதையில் நடக்கப்போவது யார்? நியூயார்க் இந்தக் கேள்வியைப் பூங்கா கட்டிய பிறகு கேட்டது. நமக்கு இன்னும் முன்கூட்டியே கேட்கும் வாய்ப்பு இருக்கிறது.