மாடு, சைக்கிள், வலை

இலங்கைப் பொலிஸின் பாரதூரமான குற்றப் பட்டியலை எப்பவாவது வாசிச்சிருக்கிறீங்களா? கொலை, கொள்ளை, வீடுடைப்பு எண்டு போகும். பல வருடங்களாக வெளிவந்த பட்டியல்களில் ஒரு வரி எங்களை நிறுத்தி வைத்தது. ரூபா 5,000 இற்கு மேற்பட்ட பொருள் களவு போனால் அது பாரதூரமான குற்றம். ஆனால் சைக்கிளோ மாடோ களவு போனால் பெறுமதியே பார்ப்பதில்லை. செயின் கழன்று விழுகிற பழைய லுமாலாவும் பாரதூரமான குற்றக் கணக்கில்தான் சேரும்.

இது வெறும் எண்ணிக்கைக் கதை இல்லை. பொலிஸ் நிலையத்தில் பாரதூரமான குற்றத்துக்கு ஒரு தகவல் புத்தகம், சிறு குற்றத்துக்கு இன்னொன்று. உங்கட முறைப்பாடு எதில் ஏறுகிறது என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும்.

மாடும் சைக்கிளும் ஏன் ஒரே வரியில்? 1866இல் கம்பெல் இலங்கைப் பொலிஸை ஒழுங்கமைத்த காலத்தில் உழவும் வண்டிலும் மாட்டை நம்பித்தான் நடந்தன. எருது களவு போனால் அந்தப் போகமே போச்சு. காலனித்துவ இலங்கையின் குற்றங்கள் பற்றி ஜோன் ரொஜர்ஸ் 1987இல் வெளியிட்ட நூலில் மாட்டுக் களவுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. மாட்டுக்குக் குறி சுடுவதையும், விற்கும்போது உரிமைச் சீட்டு மாற்றுவதையும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் விடவில்லை. யோசிச்சுப் பாருங்கோ: சுட்ட குறிதான் இண்டைக்கு இலக்கத் தகடு, சீட்டுத்தான் வாகனப் புத்தகம். பிரதேச சபைச் சட்டத்திலும் 'வாகனங்கள், விலங்குகள் மீதான வரி' எண்டு ஒரே தலைப்புத்தான். சைக்கிளுக்குப் பக்கத்தில் யானையும் நிற்கும்!

எங்கட நாட்டில் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் 1930இல் தேசியக் குற்றப் புள்ளிவிபரம் தொடங்கியபோது மோட்டார் வாகனக் களவுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். மற்றச் சாதாரணக் களவெல்லாம் ஒரே மூட்டையில். வாகனம் போனால் சனம் கட்டாயம் முறையிடும், ஏனெண்டால் பொலிஸ் பதிவு இல்லாமல் காப்புறுதிக் காசு கிடைக்காது. இலக்கம் இருப்பதால் எந்தச் சோதனைச் சாவடியிலும் மறித்துப் பார்க்கலாம். யுத்த காலத்தில் திருகோணமலை போன்ற இடங்களில் காணாமல் போன வாகனம் களவோடு மட்டும் நிற்கவில்லை. அது எங்கே போய் வெடிக்குமோ எண்ட பயமும் சேர்ந்திருந்தது.

இழந்தவருக்கு அந்தப் பொருள் எவ்வளவு முக்கியம் என்ற கேள்வி இந்த வரலாற்றில் மாட்டோடு நின்றுவிட்டது என்பது எங்கள் எண்ணம். அதுக்குப் பிறகு முன்னுரிமை இலக்கம் உள்ள பொருளுக்குத்தான்.

நிலாவெளிக் கரையில் இதை நேரிலேயே பார்க்கலாம். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி படகைப் பதிய வேண்டும்; அதன் உடம்பில் இலக்கம் இருக்கும். எஞ்சினிலும் கம்பனி பொறித்த இலக்கம் உண்டு. வலையில் அப்படிக் கம்பனி பொறித்த இலக்கம் இல்லை. நகையை அடகு வைத்து வாங்கிய வலை களவு போனால் பெறுமதியின்படி அதுவும் பாரதூரமான குற்றம்தான், பெரிய புத்தகத்தில்தான் ஏறும். ஆனால் பொலிஸ் எதை வைத்துத் தேடுவது? என்ன நிறம், எத்தனை அங்குலக் கண் எண்டு கேட்டால் வலைக்காரர் உடனே சொல்லிவிடுவார். அதே நிறத்தில், அதே கண்ணில் கரை முழுக்க வலை காய்ந்துகொண்டிருக்கும்.