ஏரி காத்த ஊர்கள்

1853-54 குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் ஏரி வழக்கத்துக்கு மாறாக வற்றிப்போனது. ஓபர்மைலன் கிராமத்தார் இதுதான் சமயம் என்று கரையில் சுவர் எழுப்பி, தங்கள் நிலத்தை ஏரிக்குள் நீட்ட மண்ணெடுத்தார்கள். மண்வெட்டி பட்ட இடமெல்லாம் மரத்தூண்களின் அடிக்கட்டைகள். இடையிடையே கற்கோடரிகள், மான்கொம்புக் கருவிகள், பானை ஓடுகள்!

உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் யோஹன்னஸ் ஆப்ளி உடனே சூரிச் தொல்பொருள் சங்கத்துக்குத் தகவல் சொன்னார். சங்கத் தலைவர் ஃபெர்டினாண்ட் கெல்லர் நேரில் ஆராய்ந்து, 1854-லேயே அறிக்கை வெளியிட்டார். தண்ணீருக்குள் தூண்கள் நட்டு, அவற்றின்மீது பெரிய மேடை அமைத்து, ஊரே அதில் குடியிருந்தது என்பது அவரது முடிவு. செய்தி பரவியதும் ஆல்ப்ஸ் மலையைச் சுற்றியிருந்த ஏரிகளில் எல்லாம் தேடுதல் தொடங்கியது.

ரோபன்ஹவுசன் என்ற இடத்தில் யாகோப் மெசிகோமர் என்ற விவசாயி கண்டெடுத்தவை இன்னும் அபூர்வமானவை. ஆளிச்செடி நாரில் நெய்த துணி, மீன்வலை, கருகிய ரொட்டித் துண்டு! இரண்டாக வெட்டிக் காயவைத்த காட்டு ஆப்பிள்கள்கூடக் கரியாகிக் கிடந்தன. குளிர்காலச் சாப்பாட்டுக்காக யாரோ பத்திரப்படுத்தியவை அவை.

சில வருடங்களில் மக்கிப்போக வேண்டிய பொருட்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தாங்கியது எப்படி? நீர் ஊறிய சேற்றுக்குள் பிராணவாயு நுழைவதில்லை. மரத்தையும் நாரையும் தின்று அழிக்கும் பூஞ்சைகளால் அங்கே பிழைக்க முடியாது.

தூண்கள் அழியாததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. மரத்தின் ஆண்டு வளையங்களின் அகல வரிசையை, காலம் தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டு, அதை வெட்டிய வருடத்தையே சொல்லிவிடலாம். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள ஆர்பன் ப்ளைஷே குடியிருப்பில் முதல் வீடு எழுந்தது கி.மு. 3384-ல். சுமார் 15 ஆண்டுகளில் தீ அந்த ஊரை விழுங்கியது. 2010-ல் சூரிச் ஓபரா அரங்கின் அருகே நிலத்தடி வாகன நிறுத்துமிடம் தோண்டியபோது ஒரு மரக்கதவே கிடைத்தது. கி.மு. 3063 வாக்கில் செய்த அந்தக் கதவில், பலகைகளைச் சேர்த்த வேலைப்பாடும் கீலும் இன்றும் தெரிகின்றன.

கெல்லரின் முடிவைப் பிற்கால ஆய்வுகள் திருத்தின. பல வீடுகள் இருந்தது சதுப்பான கரையில்தான். வெள்ளத்துக்குப் பயந்து சில இடங்களில் தரையை உயர்த்திக் கட்டினார்கள். ஆனாலும் இந்தத் துறைக்கே அடித்தளமிட்ட பெருமை அவருக்குத்தான்.

2011-ல் யுனெஸ்கோ, ஆறு நாடுகளில் உள்ள 111 ஏரிக் குடியிருப்புகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பு மட்டும் அவற்றைக் காப்பாற்றாது. படகுகளின் அலையும் நங்கூரமும் ஏரிப்படுகையை அரிக்கின்றன. சதுப்பு வற்றி அந்தச் சேறு காய்ந்தால் துணியும் கதவும் மக்கத் தொடங்கிவிடும். அரசர்களின் வரலாறு கல்லில் நிலைத்துவிட்டது. உழுது, நெய்து, மீன்பிடித்த சாமானியர்களின் வரலாறு இந்த ஈரத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால் ஏரியைக் காப்பதும் வரலாற்றைக் காப்பதும் இங்கே ஒரே வேலைதான்.

(தொடரும்)