சாம்பல் அள்ளியவர்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தீ விபத்து இருக்கிறது. 1881 ஜனவரி 4ஆம் தேதி கோலாலம்பூர் எரிந்தது. ஓர் அபின் கடையில் எண்ணெய் விளக்கு கவிழ்ந்ததில் தொடங்கியது என்பார்கள். அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக நெருக்கிக் கட்டிய ஊர், ஒரு பொறி போதும். அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று ஊரைத் திருப்பிக் கட்டவைத்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைக்கு நிலம் பிடித்தார். சூளைகள் இருந்த இடத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரயில்வே குடியிருப்புகளும் அவற்றோடு நம் ஆட்களும் வந்தது அதற்கப்புறம்.

நெருப்புக்குப் பயந்து ஒரு நகரம் தன் சுவர்களை மாற்றிக்கொண்ட கதை இது. பள்ளிப் பாடத்தில் இதோடு முடிந்துவிடும். செங்கல் சுவருக்குள்ளேயும் அடுப்பு விறகில்தானே எரிந்திருக்கும், அதைத் தினமும் துப்புரவாக வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுப் பின்புறம் பாட்டி ஒரு விறகடுப்பு வைத்திருக்கிறார். கேஸ் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பொங்கலுக்கும் திவசத்துக்கும் அதில்தான் சமையல். போன பொங்கலுக்கு நான் பற்றவைக்கப் போய் வீடெல்லாம் புகை. விறகு ஈரம் என்றேன்.

"விறகு மேல ஏன்டா பழி போடற? சாம்பல அள்ளினியா மொதல்ல?"

எஞ்சினியரிங் படித்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அடியில் சாம்பல் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி இல்லை. காற்று போதாவிட்டால் விறகு முழுசாக எரியாது. எரியாத மிச்சம்தான் புகை, கரி, தார், அப்புறம் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு.

பாட்டி தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் அடுப்பு எரிந்தாக வேண்டும். பால்மரத்துச் சுள்ளிக்குப் பஞ்சமில்லை. அவர் வேலையின் வரிசை இப்படி: ஆறிய சாம்பலை அள்ளுவது, ஆனால் அடியில் ஒரு விரற்கடை விட்டுவைப்பது, அது தணலின் சூட்டைப் பிடித்து வைக்கும். அள்ளியதைப் பாத்திரம் துலக்க எடுத்துவைப்பது. அடுப்பில் கீறல் விட்டிருந்தால் மண்ணைக் குழைத்துப் பூசுவது. வெள்ளிக்கிழமை மெழுகிக் கோலம் போடுவது. நாம் பக்தி என்று நினைக்கிற அந்த மெழுகல் பாதி பராமரிப்பு வேலை. கீறல் வழியாக வெப்பம் வீணாகும், வேண்டாத இடத்தில் காற்று நுழையும், ஒரு நாள் அடுப்பே பிளக்கும்.

இன்னொரு கண்டிப்பான விதியும் அவரிடம் உண்டு. அள்ளிய சாம்பலை அன்றைக்கே குப்பையில் கொட்டக்கூடாது. 'நீறு பூத்த நெருப்பு' என்று மேடையில் பேசுகிறோமே, அது முதலில் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை. சாம்பல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே ஒரு துண்டுத் தணல் கிடந்தால் அதைப் போர்த்திக் காப்பாற்றும். ராத்திரி தணலை மூடிவைத்து காலையில் ஊதிப் பற்றவைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மரத்தட்டியும் காய்ந்த ஓலையும் இருந்த இடத்தில் ஒருநாள் மறந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். இன்றைக்கும் அதற்கு வழி இரும்பு வாளியும் மூடியும்தான், சில நாள் காத்திருப்பும்தான்.

இந்த அறிவைப் பொறியாளர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது தனிக் கதை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இருந்தது. புகைபோக்கி வைத்த 'மகன் சூலா' என்ற மண்ணடுப்பு அங்கே 1940களில் உருவானது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு அதே வழியில் ஓர் அடுப்பை வடிவமைத்தார். இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய புத்தகம் 1953இல் சென்னையில் வெளியானது. சமையலறைப் புகையை ஒரு பொறியியல் பிரச்சினையாக மதித்ததே பெரிய விஷயம். 1983இல் இந்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரைக்கும் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளைக் கொடுத்தது.

கொடுத்த அடுப்புகள் என்ன ஆயின? ஒடிசாவில் ரேமா ஹன்னா, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் சுமார் 2,600 குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அது அரசுத் திட்டம் அல்ல, ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த புகைபோக்கி அடுப்பு. 2012இல் வெளிவந்த முடிவு சோர்வு தருவது. முதல் வருஷம் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பின் அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, நாளடைவில் பயன்பாடே குறைந்துவிட்டது.

படித்தவுடன் 'ஜனங்களுக்கு அக்கறை இல்லை' என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயின் உட்சுவரில் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் கரி படிந்தால், மிஞ்சும் அகலம் 8. வெறும் 2தானே குறைந்தது? இல்லை. புகை போகும் பரப்பு 36 விழுக்காடு குறைந்துவிட்டது. ஈர விறகு என்றால் இன்னும் சீக்கிரம். புகை குளிர்ந்து தாராகக் குழாயில் ஒட்டும், அதிலும் வளைவுகளில். அந்தத் தார் பற்றிக்கொண்டால் குழாயே எரியும். முழுசாக அடைத்துக்கொண்டால் புகை திரும்ப வீட்டுக்குள்தான். இத்தனையும் கூரைக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது. சாம்பல் குவிவது கீழே கண் முன்னால் தெரியும், அள்ளுகிற கையும் பழகிய கை. குழாயைக் குத்திச் சுத்தம் செய்ய ஏணி வேண்டும், நீளக் கம்பும் தூரிகையும் வேண்டும், ஒரு பகல் பொழுது வேண்டும். பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு அந்தப் பகல் எங்கே இருக்கிறது? அடுப்பைக் கட்டித் தந்தவர்களின் கணக்கில் அந்த நேரம் இல்லவே இல்லை.

இங்கிலாந்து இதை வேறு விதமாகக் கையாண்டது, அதுவும் வெட்கக்கேடாக. புகைபோக்கிக்குள் சின்னப் பையன்களை ஏற்றிவிட்டார்கள். வளர்ந்தபின் அவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதற்குக் கரியே காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதியது 1775இல். புகைபோக்கி துப்புரவாளர்கள் காவல்துறையின் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்து, அந்தக் கொடுமை அடங்கியது 1875இல். சரியாக நூறு வருஷம். ஆனாலும் அங்கே அது கூலியுள்ள வேலையாக இருந்தது. ஒரு பெயர் இருந்தது, கணக்கேட்டில் இடம் இருந்தது, கடைசியில் ஒரு சட்டமும் வந்தது. நம் வீட்டில் அதற்குக் கூலி இல்லை. கூலி இல்லாததால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் வரலாறும் இல்லை.

தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் பால் வெட்டியதை எழுதினார்கள், காடு அழித்ததை எழுதினார்கள், கங்காணியையும் கள்ளையும் எழுதினார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஒரு லயமும் எரியாமல் விடிந்த ஆயிரக்கணக்கான இரவுகளை யாரும் எழுதவில்லை. எரிந்தால்தான் செய்தி. எரியாமல் பார்த்துக்கொண்டது அன்றாடம்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் சாம்பல் வாளியைக் கொட்டப் போனேன். பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கைய வச்சுப் பாத்துட்டுக் கொட்டு."

மூடியைத் திறந்து, வாளியின் பக்கத்தில் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஆறியிருந்தது.