ஜே டில்லாவும் டெற்றோயிற் நகரமும்

கலைஞனுடைய வாழ்வை அவன் பிறந்து வளர்ந்த நகரத்தினின்றும் பிரித்தெடுத்து, மேதை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முனைவது இசை விமர்சகர் பலரிடம் காணப்படும் பழக்கமாகும். ஜே டில்லா என்ற பெயரால் அறியப்பட்ட ஜேம்ஸ் யான்சியைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றனர். அவர் மேதை என்பதை யாம் மறுக்கவில்லை. அம்மேதைமை எதனோடு மல்லாடி உருப்பெற்றது என்பதே எமது வினா.

1974 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆந் திகதி அவர் டெற்றோயிற்றில் பிறந்தார். அந்நகரம் யந்திர காலத்தின் தலைநகரமாக இருந்தது. 1913 இல் ஹென்றி ஃபோர்ட் தமது ஹைலன்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசையை அமைத்தபோது, மனிதக் கையின் வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் தொழிலாளியிடமிருந்து சங்கிலிப்பட்டிக்குக் கைமாறியது. இசையும் இதற்குத் தப்பவில்லை. லிங்கன்-மேர்க்குரி தொழிற்சாலையில் வேலைசெய்த பெரி கோர்டி 1959 இல் மோட்டவுண் கம்பனியைத் தொடங்கியபோது, கார் உருவாவது போலவே பாடலும் படிப்படியாக உருவாகவேண்டும் என்று கருதினார். 1968 இல் டொட்ஜ் தொழிற்சாலையின் கறுப்பினத் தொழிலாளர், வரிசையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போன நிருவாகத்தை எதிர்த்துப் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம் ஒன்றைக் கட்டினர். அதற்கு முந்திய ஆண்டுக் கோடையில் எழுந்த கிளர்ச்சியில் 43 பேர் மாண்டிருந்தனர். மோட்டவுண் 1972 இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 1950 இல் பதினெட்டரை லட்சமாயிருந்த மக்கள்தொகை 2010 இல் ஏழு லட்சத்துச் சொச்சமாகக் குறுகியது. மூலதனம் பயனெடுத்துவிட்டுப் போன ஊரிலேதான் டில்லா வளர்ந்தார்.

எனினும் அவரைச் சேரிக் குழந்தையாகச் சித்திரிப்பது பொருந்தாது. கோனன்ற் கார்டன்ஸ் என்னும் அப்பகுதி, சொந்த வீடு வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்களின் குடியிருப்பு. அடிமை ஒழிப்பாளர் ஒருவரின் நிலத்தில் எழுந்து அவர் பெயரையே தாங்கிய அவ்விடத்தின் வீட்டுக்காரர், 1940களின் தொடக்கத்தில் ஏழைக் கறுப்பினத் தொழிலாளருக்கென அயலில் அரசாங்க வீடுகள் கட்டப்படுவதை வெள்ளை வீட்டுக்காரரோடு சேர்ந்து எதிர்த்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. நிறத்தினுள்ளும் வர்க்கம் உண்டு. தந்தையார் ஜாஸ் இசையில் பாஸ் வாத்தியம் வாசித்தவர். தாயார் ஒபேராப் பாடகியாக இருந்தவர். ஜோர்ஜ் கிளின்ரனின் குழுவில் வாசித்த அம்ப் ஃபிட்லர் அயலிலேயே குடியிருந்தார். எம்.பி.சி. என்னும் முரசு யந்திரத்தை இளைஞனுக்கு அறிமுகஞ் செய்தவர் அவரே. பிற்காலத்தில் நியூ யோர்க்கின் கியூ-ரிப்போடு தொடர்பு ஏற்படுத்தியவரும் அவரே. பள்ளிக்கூடம் கொடாததை அயல் கொடுத்தது.

இவ்யந்திரத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் அவசியம். விரலால் தட்டும் ஒலிகளை நினைவில் வைத்துத் திரும்ப ஒலிக்கும் கருவி இது. மனித விரல் சற்றே முந்தும், சற்றே பிந்தும். அப்பிழையைத் திருத்தி, ஒவ்வோர் அடியையும் சம இடைவெளிக் கோடுகளில் இழுத்து நிறுத்தும் வசதியை அதை வடிவமைத்த ரோஜர் லின் அமைத்திருந்தார். பொருத்துவரிசையின் நியதியே இங்கு தாளத்துக்கு வந்தது எனலாம். டில்லா அந்நியதிக்கு முழுவதும் பணியவில்லை. ஓர் ஒலியைக் கோட்டில் நிறுத்துவார், மற்றொன்றைச் சற்று முந்தவிடுவார், இன்னொன்றைப் பிந்தவிடுவார். கேட்பவனுக்குத் தடுமாறி நடப்பவன் விழாமல் நடப்பதுபோலத் தோன்றும். இது கவனக்குறைவு அன்று. யந்திரத்தின் கணக்கை அதன் உள்ளிருந்தே மாற்றிய திட்டமிட்ட உழைப்பு. த ரூட்ஸ் குழுவின் முரசறைவோர் குவெஸ்ற்லவ் போன்ற தேர்ந்த கலைஞர் தாம் கற்ற ஒழுங்கை மறந்து மீண்டும் கற்கவேண்டியதாயிற்று. 2000 இல் வெளிவந்த டி'ஆஞ்சலோவின் 'வூடூ' இசைத்தட்டில் அதன் விளைவைக் கேட்கலாம்.

ஆயினும் மிகைப்படுத்தல் ஆகாது. டொட்ஜ் தொழிலாளரின் வாரிசாக டில்லாவைக் காட்டச் சிலருக்கு ஆசை எழக்கூடும். எனக்கும் எழுந்தது. ஆனால் அவர் தாமே பாடிய அடிகள் பெரும்பாலும் காரும் காசும் களியாட்டுமே பேசுகின்றன. அரசியல் அவருடைய சொல்லில் இல்லை. கையில் இருந்ததா என்பதை வாசகர் கேட்டறிக.

தொழில் வாழ்வு இரு உலகங்களுக்கிடையே நடந்தது. ஸ்லம் விலேஜ் என்னும் நண்பர் குழுவோடு அவர் ஆக்கிய முதற் பாடல்கள் ஒலிநாடாவில் கைமாறிப் பரவின. 1995 இல் த ஃபார்சைட் குழுவின் தொகுப்பிலும், 2000 இல் கொமனின் தொகுப்பிலும் அவர் கைவண்ணம் இருந்தது. ஆனால் பாடுபவன் முகத்தை உலகம் அறியும். பின்னணி செய்தவன் பெயரோ உறையின் மூலையிற் கிடக்கும். பின்னர் எம்.சி.ஏ. என்னும் பெருங் கம்பனி அவரோடு ஒப்பந்தஞ் செய்தது. அவர் முடித்துக் கொடுத்த தொகுப்பை வெளியிடாது கிடப்பிற் போட்டது. அது 'த டயறி' என்ற பெயரில் வெளிவந்தது 2016 இல். ஆக்கியோன் இறந்து பத்தாண்டு கழித்து. வெறுப்புற்ற அவர் 2003 இல் 'ரஃப் டிராஃப்ற்' என்ற கரடுமுரடான தொகுப்பைச் சிறிய ஜேர்மன் கம்பனி ஒன்றின் மூலம் வெளிக்கொணர்ந்தார். நிலத்தடிக்கு அவர் திரும்பியது கொள்கையால் மாத்திரமன்று. சந்தை கதவடைத்ததாலும் ஆகும்.

அதற்குள் இரத்தநோயும் லூப்பசும் அவரைப் பற்றின. லொஸ் ஏஞ்சல்ஸ் வைத்தியசாலையில் தாயார் பக்கத்திலிருந்து பேணினார். 2005 இன் இறுதியில் சக்கர நாற்காலியிலிருந்தபடி ஐரோப்பாவில் நிகழ்ச்சி நடத்தினார். 31 சிறு ஆக்கங்கள் கொண்ட 'டோனற்ஸ்' அவருடைய 32 ஆவது பிறந்தநாளன்று வெளிவந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்தார். அத்தொகுப்பு முழுவதும் நோய்ப்படுக்கையிலே பிறந்தது என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. படுக்கையருகே சிறு ஒலிக்கருவியும் இசைத்தட்டுகளும் இருந்தது மெய்யே. ஆனால் பெரும்பகுதி முன்னரே உருவாகியிருந்தது என 2022 இல் வெளியான தமது நூலில் டான் சார்ணஸ் காட்டுகிறார். சாவைப் பார்த்துக் கண்ணீர் வடிக்கும் இரசனை, உயிரோடிருந்தபோது அவர் செய்த நாளாந்த உழைப்பை மறைத்துவிடுகிறது.

அவருக்குப் பின் எஞ்சியவை வைத்தியக் கடனும் வரிப்பாக்கியும், சொத்துரிமை பற்றிய நீண்ட வழக்குகளும். தாயார் 2014 இல் மகனின் எம்.பி.சி. யந்திரத்தை வாஷிங்ரனில் அமையவிருந்த ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். யந்திரத்திற் செய்த அந்தத் தடுமாற்ற நடையை வெறுங் கைகளாலே வாசிக்க இப்பொழுது இளம் முரசறைவோர் பயின்றுவருகின்றனர்.